எழுவாய் இழந்த பெயர்: அயர்லாந்து மொழி தன்னை அழைக்கும் விதம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)



இந்த அறக்கட்டளையின் பேச்சு தமிழல்லாத ஒரு மொழியைப் பற்றி இருக்க வேண்டும், தமிழ் படிக்கும் மாணவர்களுக்கும் அது பயன்பட வேண்டும் என்று அழைப்பிதழோடு வந்த கடிதம் சொன்னது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மொழியைப் பேசி முடிக்க என்னால் ஆகாது. ஒரு சொல்லைப் பேசலாம். அயர்லாந்து மொழிக்கு அந்த மொழியிலேயே வழங்கும் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாம் ‘ஐரிஷ்’ என்கிறோம். அது ஆங்கிலம் வைத்த பெயர். அந்த மக்களின் பள்ளிப் புத்தகத்தில் இருப்பது ‘கேல்கெ’. முதல் ககரத்தை ‘தங்கம்’ என்பதன் நடுவே வரும் ககரம்போல ஒலியுங்கள். கடைசி எகரத்தைப் பாதி விழுங்கிவிடுங்கள்.

சென்னையில் நின்று இதைப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. விட்லி ஸ்டோக்ஸ் என்ற டப்ளின்காரர் 1862இல் வழக்கறிஞராக இந்த ஊருக்கு வந்தார். உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்தார். பிறகு கல்கத்தா போய், வைஸ்ராய் அவையின் சட்ட உறுப்பினர் வரை உயர்ந்தார். பகலெல்லாம் சட்டம் பார்த்த அந்த மனிதருக்கு மற்ற நேரமெல்லாம் பழைய ஐரிஷ் கையெழுத்துப் பிரதிகள்தாம். 1866இல் கல்கத்தாவில் அவர் அச்சிட்ட நூலின் பெயர் ‘கோய்டிலிகா’. இன்று நான் பேசப்போகும் சொல்லின் பழைய வடிவத்திலிருந்தே அந்தத் தலைப்பு பிறந்தது. திராவிட ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் 1814இல் பிறந்த இடமும் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டம்தான் என்பதை இந்த அவைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். கால்வேயில் இதை ‘கேல்கெ’ என்கிறார்கள். மேயோவிலும் அல்ஸ்டரிலும் ‘கேலிக்’. தெற்கே மன்ஸ்டரில், கெர்ரி, கார்க் மாவட்டங்களின் மேற்குப் பக்கம் ‘கேலின்’; கிழக்கே வாட்டர்ஃபோர்டு பக்கம் போனால் ‘கேலிங்’. முதல் வடிவம் சரி, மற்றவை கொச்சை என்று வெளியூர்க்காரர்களும், சில சமயம் உள்ளூர் ஆசிரியர்களுமே நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்ல வந்தது இதற்கு மாறானது. பழைய சொல்லின் எழுவாய் வடிவம் அயர்லாந்தின் பேச்சிலிருந்து மறைந்துபோனது. அதன்பின் ஒவ்வொரு வட்டாரமும் ஏதோ ஒரு வேற்றுமை வடிவத்தையே பெயராக வைத்துக்கொண்டது. பள்ளிப் புத்தகத்தின் ‘கேல்கெ’யும் அப்படி ஒரு வட்டாரம் வைத்துக்கொண்ட ஆறாம் வேற்றுமைதான். இதை நிறுவச் சில படிகள் ஏற வேண்டும்.

1. பெயர் வெளியிலிருந்து வந்தது

எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுப் பழைய ஐரிஷில் இந்த மக்களில் ஒருவர் ‘கோய்தெல்’, அவர் மொழி ‘கோய்தெல்க்’. நடுவில் நான் தகரம் என்று எழுதும் ஒலி நம் ‘அது’ என்பதன் தகரத்துக்கு நெருங்கியது. கடைசி எழுத்து ‘சி’யாக எழுதப்பட்டாலும் லகரத்தை அடுத்து மென்மையாகவே ஒலித்தது.

இந்தச் சொல் அயர்லாந்தில் முளைத்ததில்லை. வேல்ஸ் மொழியின் முன்னோர் கடலுக்கு அக்கரையிலிருந்தவர்களுக்கு வைத்த பெயர் இது. இன்றைய வேல்ஸ் மொழியிலும் ஐரிஷ்காரர் ‘க்வித்தெல்’தான். ஏழாம் நூற்றாண்டை ஒட்டி ஐரிஷ் இதைக் கடன் வாங்கியது. கடன் என்று எப்படிச் சொல்கிறோம்? முதல் எழுத்தே சாட்சி.

இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் சொல்லின் முதலில் வகரம் இருந்தால் ஐரிஷில் அது ஃபகரமாகும். வேல்ஸில் அதற்கு முன்னால் ஒரு ககரம் முளைத்து ‘க்வ’ ஆகும். உண்மை என்பது லத்தீனில் ‘வேருஸ்’, ஐரிஷில் ‘ஃபீர்’, வேல்ஸில் ‘க்விர்’. ஆண்மகன் லத்தீனில் ‘விர்’, சமஸ்கிருதத்தில் ‘வீர’, ஐரிஷில் ‘ஃபர்’. நாம் ‘வீரன்’ என்கிறபோதும் அந்தப் பழைய வகரத்தைத்தான் உச்சரிக்கிறோம். இந்த விதிப்படி, ‘காடு, காட்டுத்தன்மை’ என்ற பொருளுடைய மூலவேர் ஐரிஷில் ஃபகரத்தில் தொடங்க வேண்டும். தொடங்கவும் செய்கிறது: காட்டு விலங்குக்கு ‘ஃபீயத்’, மரத்துக்கும் காட்டுக்கும் ‘ஃபித்’. ஆங்கிலத்தின் ‘வுட்’டும் இந்தக் கடைசிச் சொல்லுக்கு உறவு. ‘கோய்தெல்’ மட்டும் ககரத்தில் தொடங்குகிறது. வேல்ஸின் ‘க்வ’வைக் காதால் கேட்டு, வகரத்தை விழுங்கி எடுத்துக்கொண்டதன் தழும்பு அது.

பொருளும் பொருந்துகிறது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்திலிருந்து படகுகள் பிரிட்டனின் மேற்குக் கரையைக் கொள்ளையடித்தன. சில கூட்டங்கள் வேல்ஸின் தென்மேற்கில் குடியேறவும் செய்தன. அவர்கள் நட்ட, ஓகம் எழுத்துப் பொறித்த கற்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. புனித பேட்ரிக்கே அப்படிக் கடத்தப்பட்ட பிரிட்டன் நாட்டுச் சிறுவர்தான். கொள்ளைக்கு உள்ளானவர்கள் கொள்ளையரைக் காட்டாள் என்று அழைத்ததில் வியப்பில்லை. வியப்பு, அழைக்கப்பட்டவர்கள் அதையே பெருமையாக ஏற்றுக்கொண்டதில்தான்.

2. கடனுக்கு ஒரு மூதாதை

அவர்களுக்கு வேறு பெயர்கள் இல்லாமலில்லை. சட்ட நூல்கள் நிலமுடைய சுதந்திர மக்களை ‘ஃபேனி’ என்றன. ‘காடு’ வேரிலிருந்து முறைப்படி ஃபகரத்தோடு பிறந்த சொல்லாகவே இதைப் பலர் கொள்கிறார்கள். லத்தீனில் எழுதியவர்கள் ‘ஸ்காட்டி’ என்றார்கள். அந்தப் பெயர்தான் பின்னால் கடல் கடந்து ஸ்காட்லாந்து ஆயிற்று.

இடைக்காலப் புலவர்கள் இந்த மூன்று பெயர்களுக்கும் மூன்று மூதாதையரைக் கற்பித்தார்கள். பாபேல் கோபுரம் சிதறியபின் எல்லா மொழிகளிலிருந்தும் சிறந்ததைத் திரட்டிப் புதுமொழி செய்தவன் ஃபேனியுஸ். அவன் மகன் மணந்த எகிப்து அரசகுமாரி ஸ்கோட்டா. அவர்கள் பிள்ளை கோய்தெல். மொழிக்கு அவன் பெயர். வேர்ச்சொல் ஆராய்ச்சியாக இது பூஜ்யம். ஆனால் மூன்று பெயர்களையும் ஒரே குடும்பத்தில் அடக்கிவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். ‘கோய்தெல்’ பின்னாளில் ‘கேல்’ ஆயிற்று; அதற்கு எதிர்ச்சொல் ‘கால்’, அதாவது அந்நியர். முதலில் அது காலியா நாட்டாரைக் குறித்தது. 795 முதல் கரையைத் தாக்கிய வைக்கிங்குகளுக்கு வந்தது. 1169க்குப் பின் நார்மானியருக்கு. ‘நாம்’ என்பதற்கு அந்நியர் கொடுத்த சொல்லை வைத்துக்கொண்டு அந்நியரை விலக்கியிருக்கிறார்கள். இன்று அந்த மொழி உயிரோடு பேசப்படும் டொனிகால் மாவட்டத்தின் பெயருக்கே ‘அந்நியர் கோட்டை’ என்றுதான் பொருள்.

3. நடுவிலிருந்த ஒலி கரைந்தது

‘கோய்தெல்க்’ என்பதன் நடு ஒலி 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தன் உருவை இழந்தது. நாக்கு பல்லருகே செய்துவந்த வேலையைத் தொண்டையும் அண்ணமும் எடுத்துக்கொண்டன. மெலிந்த இடங்களில் அது யகரச் சாயல் பெற்று, பிறகு பக்கத்து உயிரோடு கலந்துவிட்டது. எழுத்து மட்டும் மாறவில்லை. ‘டி’யும் ‘எச்’சும் இருபதாம் நூற்றாண்டு வரை அந்த இடத்தில் ஒலியில்லாமல் உட்கார்ந்திருந்தன. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி தன் பெயரில் இன்றும் அவற்றை எழுதுகிறது. ஒலிப்பது ‘காலிக்’ என்றுதான். ஓகாரம் கரைந்து ஒரு கரையில் ஏகாரமும் மறு கரையில் ஆகாரமும் ஆனது.

4. வேற்றுமைகள் பிரிந்த கதை

என் பேச்சின் மையம் இதுதான். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

செவ்வியல் காலப் புலவர் மொழியில் இந்தப் பெயருக்கு மூன்று முக்கிய வடிவங்கள் இருந்தன. எழுவாய்: ‘கேயெலக்’. ஆறாம் வேற்றுமை: ‘கேயெல்கெ’. முன்னிடைச் சொற்களுக்குப் பின் வரும் வடிவம்: ‘கேயெலிக்’. மூன்றாவதை ஐரோப்பிய இலக்கண நூல்கள் நான்காம் வேற்றுமைக் கணக்கில் சேர்க்கும். நம் ஏழாம் வேற்றுமையின் வேலையையும் அது பார்க்கும்.

ஐரிஷ் மெய்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உருவம்: நாக்கின் பின்புறம் உயர்ந்து ஒலிக்கும் ‘அகன்ற’ மெய், நடுநாக்கு அண்ணத்தை நோக்கி எழுந்து ஒலிக்கும் ‘மெலிந்த’ மெய். எழுவாயில் கடைசி மெய்கள் அகன்றவை. மற்ற இரண்டிலும் மெலிந்தவை. வேற்றுமையை வேறுபடுத்தும் பாரத்தை ஒட்டு மட்டும் சுமப்பதில்லை. மெய்யின் நிறமும் சுமக்கிறது.

இப்போது வட்டாரங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவிலிருந்த யகரம் கரைந்தால் ‘கேயெல்கெ’ ‘கேல்கெ’ ஆகும். கால்வேயின் பெயர் அப்படியே ஆறாம் வேற்றுமை. ‘கேயெலிக்’ சுருங்கினால் ‘கேலிக்’. மேயோவும் அல்ஸ்டரும் முன்னிடைச் சொல் வடிவத்தை வைத்துக்கொண்டன. கடைசி ஒலி வன்மை பெற்றது மட்டும் புதிது. மன்ஸ்டர் கதை சற்றுக் கலப்பானது. ‘கேலின்’ என்பதன் லகரம் அகன்றது. ‘கேல்’ என்ற இனப்பெயரிலும் பழைய எழுவாயிலும் இருப்பது அதே லகரம். கடைசி மெய்யோ மெலிந்தது. கிழக்கின் ‘கேலிங்’கை இதனருகே வைத்தால் வழி தெரிகிறது: இறுதிக் ககரத்தோடு ஒரு மூக்கொலி சேர்ந்தது, மேற்கே அது வெறும் மெலிந்த னகரமாக நின்றுவிட்டது. அடி எழுவாயுடையது, நுனி வேற்றுமையுடையது.

தமிழில் நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். ‘மரம்’ என்ற எழுவாய் நம் பேச்சிலிருந்து மறைந்து, ஒரு மாவட்டம் ‘மரத்து’ என்பதையும் இன்னொரு மாவட்டம் ‘மரத்தில்’ என்பதையும் பெயராகவே வைத்துக்கொண்டதாகக் கற்பனை செய்யுங்கள். ‘மரத்து உயரமாக இருக்கிறது’ என்பார் ஒருவர். அவர் பிள்ளைகளுக்கு அது வேற்றுமை என்பதே தெரியாது.

ஏன் இப்படி நடந்தது? ஐரிஷ் வாக்கிய அமைப்பில் காரணம் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த மொழியில் ‘நான் ஐரிஷ் கற்கிறேன்’ என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். ‘ஐரிஷின் கற்றலில் இருக்கிறேன்’ என்பார்கள். தொழிற்பெயருக்குச் செயப்படுபொருள் ஆறாம் வேற்றுமையில் வரும். கற்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது எல்லாமே இப்படித்தான். ஐரிஷ் ஆசிரியர், ஐரிஷ் புத்தகம், ஐரிஷ் சொல் என்னும்போதும் ஆறாம் வேற்றுமை. ‘ஐரிஷில் சொல்’ என்றால் முன்னிடைச் சொல்லும் அதற்குரிய வடிவமும். ஒரு மொழியின் பெயர் மக்கள் வாயில் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வரும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவானதுதான். ‘எனக்கு ஐரிஷ் தெரியும்’ என்பதை அவர்கள் ‘ஐரிஷ் என்னிடம் இருக்கிறது’ என்று சொல்வார்கள். அன்றாடம் புழங்கும் அந்த வாக்கியத்தில் பெயர் எழுவாயாகவே நிற்கிறது. அப்படியானால் எழுவாய் பிழைத்திருக்க வேண்டாமா? என் பதில் இது. பெண்பால் பெயர்களில் எழுவாயை ஒதுக்குவது அந்த மொழியில் தனி நிகழ்ச்சியல்ல. கை, கால், செருப்பு ஆகியவற்றுக்குக் கால்வேயின் கானமாராவில் முன்னிடைச் சொல் வடிவமே எழுவாயாகவும் வழங்குகிறது. நாட்டின் பெயருக்கும் அதே கதி: எழுவாய் ‘ஏரெ’, முன்னிடைச் சொல் வடிவம் ‘ஏரின்’, பேச்சில் பல இடங்களில் பின்னது முன்னதைத் தள்ளிவிட்டது. ஆகவே ‘கேலிக்’ பழக்கமான பாதையில் போனது. விதிவிலக்கு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது ‘கேல்கெ’தான். ஆறாம் வேற்றுமை அரியணை ஏறுவது அந்த மொழியிலும் அரிது. பள்ளிப் புத்தகத்தின் ‘சரியான’ வடிவம், வரலாற்றுக் கண்ணுக்கு எல்லாவற்றிலும் விசித்திரமானது.

5. எழுத்துச் சீர்திருத்தம் செய்ததும் செய்யாததும்

1893இல் டக்ளஸ் ஹைடு முதலியோர் தொடங்கிய மொழி இயக்கத்தின் பெயரில் ‘கேல்கெ’ முறையாகவே நின்றது. ‘ஐரிஷின் சங்கம்’ என்ற அந்தத் தொடரில் ஆறாம் வேற்றுமைதான் வர வேண்டும். அந்த இயக்கத்துக்குள்தான் எந்த வட்டாரம் எழுத்துக்கு அடிப்படை என்ற சண்டையும் மூண்டது. கார்க் மாவட்டத்துப் பாதிரியார் பீடர் ஓ லேரி புலவர் நடையை ஒதுக்கி, மக்கள் பேசுவதையே எழுத வேண்டும் என்றார். தன் ‘ஷேய்னா’ கதையை மன்ஸ்டர் பேச்சில் எழுதிக் காட்டினார். ஷான் ஓ கீவ் முதலியோர் ஒருபடி மேலே போய், மன்ஸ்டர் உச்சரிப்பையொட்டி ஓர் எளிய எழுத்துமுறையே வகுத்தார்கள். அது நிலைக்கவில்லை.

இங்கே ஒரு நுட்பம். ‘ஏ’, ‘ஓ’ என்ற இரண்டு ரோமன் எழுத்துகள் சேர்ந்து வந்தால் மன்ஸ்டரில் ஏகாரம், கால்வே அடங்கிய கானாக்டில் ஈகாரம், அல்ஸ்டரில் ஈகாரத்துக்கும் நம் குற்றியலுகரத்துக்கும் நடுவே நீண்டு ஒலிக்கும் ஓர் உயிர். வாழ்க்கை என்ற ஒரே சொல் தெற்கே ‘ஸேல்’, மேற்கே ‘ஸீல்’. மன்ஸ்டர்காரர் தன் மொழியின் பெயரை அந்த இரட்டை எழுத்தால் எழுதினால் அவர் காதுக்குச் சரியாக ‘கேலின்’. கால்வேக்காரர் அதையே ‘கீலின்’ என்று படிப்பார். எல்லா மாகாணத்திலும் ஏகாரமாகவே ஒலிக்கும் ‘ஏ, ஈ’ சேர்க்கையைப் பின்னால் வந்த தரவடிவம் எடுத்துக்கொண்டது இந்த வகையில் அறிவான முடிவு.

நாடாளுமன்ற மொழிபெயர்ப்புப் பிரிவு 1940களில் எழுத்துமுறையைச் சீரமைத்தது; 1958இல் இலக்கணத்தோடு சேர்ந்து அதிகாரபூர்வத் தரம் வெளிவந்தது. ஒலிக்காத எழுத்துகள் மூட்டையாக வெளியேறின. கொதித்தலைக் குறித்த சொல் 13 எழுத்திலிருந்து ஆறுக்கு இறங்கியது. மொழியின் பெயரிலிருந்த ‘டி’யும் ‘எச்’சும் அந்த அலையில் போயின. எழுநூறு ஆண்டுகளாகக் கேட்காத ஒலிக்கு எழுத்து எதற்கு என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை, போகட்டும். என் வருத்தம் வேறு. ஆறாம் வேற்றுமை எழுவாயின் நாற்காலியில் உட்கார்ந்தபின் இரண்டுக்கும் ஒரே வடிவம் ஆகிவிட்டது. அல்ஸ்டர் பேச்சில் ‘கேலிக்’ என்பதற்கும் ‘கேல்கெ’ என்பதற்கும் இருந்த வேறுபாடு எழுத்தில் இடமிழந்தது. அல்ஸ்டரின் டொனிகால் குழந்தை வீட்டில் கேட்பது ஒன்று, பலகையில் காண்பது இன்னொன்று.

அந்தத் தரம் எழுத்தையும் இலக்கணத்தையும் விதித்தது, உச்சரிப்பை விதிக்கவில்லை. இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். 1986இல் வந்த கையகராதி மூன்று வட்டாரங்களுக்கும் பொதுவான ஒரு ‘நடு உச்சரிப்பை’ வகுத்துத் தந்தது. கவனமான வேலைதான். ஆனால் அப்படிப் பேசும் ஊர் ஒன்றும் வரைபடத்தில் இல்லை. இன்றைய இணைய அகராதி வேறு வழி எடுத்தது: பல சொற்களுக்கு மூன்று மாகாணங்களின் குரலையும் தனித்தனியே ஒலிக்கவிடுகிறது. எனக்கு இதுவே நேர்மையானதாகப் படுகிறது.

இதற்கு முன்னோடியான உழைப்பு பெரியது. ஜெர்மானியர் வில்ஹெல்ம் டோகன் 1928 முதல் 1931 வரை மாவட்டம் மாவட்டமாகப் பேச்சைத் தட்டில் பதிவு செய்தார். இன்று பேசுவோர் யாருமே இல்லாத வட்டாரங்களின் குரல்களும் அவற்றில் இருக்கின்றன. ஸ்விட்சர்லாந்துக்காரர் ஹைன்ரிஷ் வாக்னர் ஊர் ஊராய்ப் போய்க் கேட்டு, 1958க்கும் 1969க்கும் இடையே நான்கு தொகுதிகளாக வட்டார வழக்கு வரைபடம் வெளியிட்டார். தரம் என்று ஒன்று அரசாணையாக வந்த அதே ஆண்டில் முதல் தொகுதியும் வந்தது.

6. சொல்லின் தலையும் நிலையில்லை

இதுவரை வாலைப் பற்றியே பேசினேன். ஐரிஷில் சொல்லின் முதலெழுத்தும் மாறும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுட்டிடைச் சொல் முன்னால் வந்தால் ‘கேல்கெ’யின் ககரம் தொண்டையில் உரசும் ஒலியாகும். ‘ஐரிஷில்’ என்று சொல்ல வந்தால் ‘இ ஙேல்கெ’. மொழிமுதல் ஙகரம்! நம் நெடுங்கணக்கில் ஙகர வரிசை முழுவதையும் எழுதிப் பழகிவிட்டு ஒன்றிரண்டைத் தவிரப் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம். ‘ஙே’ என்பதற்கு இங்கே வேலை கிடைக்கிறது. அல்ஸ்டரில் ‘இ ஙேலிக்’, மன்ஸ்டரில் ‘இ ஙேலின்’. முதலெழுத்தின் இந்த மாற்றத்தில் மூன்று மாகாணங்களும் ஒன்றுபடுகின்றன.

7. தமிழில் எப்படி எழுதுவது

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் என்னிடம் கேட்டது. ஆங்கிலத்தில் ‘கேலிக்’ என்றால் பெரும்பாலும் ஸ்காட்லாந்து மொழி. டப்ளின் தெருவில் ‘கேலிக்’ ஆடப்போகிறேன் என்று ஒரு சிறுவன் சொன்னால் அது கால்பந்து. 1884இல் தொடங்கிய விளையாட்டுச் சங்கத்தின் கொடை அந்தப் பெயர். டொனிகால் கிழவர் தன் தாய்மொழியில் ‘கேலிக்’ என்றால் அது ஐரிஷ். ஒரே ஒலிக்கு மூன்று பொருள். ஆகவே கலைக்களஞ்சியத் தலைச்சொல்லாகவும் செய்தித்தாளிலும் ‘ஐரிஷ்’ என்றே எழுதுங்கள், குழப்பம் வராது. கதையில் ஒரு பாத்திரம் தன் மொழியின் பெயரைத் தன் வாயால் சொல்லும்போது மட்டும் ஊரைப் பாருங்கள். கானமாராவின் மீனவர் என்றால் ‘கேல்கெ’. டொனிகாலின் க்வீடோர் பக்கத்தவர் என்றால் ‘கேலிக்’. பிளாஸ்கட் தீவுக்காரர்களின் தன்வரலாறுகளை யாராவது மூலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தால், அவர்கள் கெர்ரிக்காரர்கள். அங்கே ‘கேல்கெ’ என்று போட்டால் அது பள்ளி ஆசிரியரின் குரலாகிவிடும். ‘கேலின்’ என்று போடுங்கள்.